இலையை மட்டும் உருவியவள்

கீரையைக் கண்டால் சௌம்யாவின் கை சும்மா இருக்காது. சென்னீர்குப்பம் ஃப்ளாட்டில் டிவி பார்த்தபடியே ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவிப் போட்டுவிடுவாள். அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மூலிகை மருந்து கம்பெனியின் லேபில் அவளுக்கு வேலை. மூட்டையாய் வரும் நிலவேம்பில் கொஞ்சம் எடுத்து அரைத்து, அதில் மருந்துச் சத்து எவ்வளவு என்று மெஷினில் அளந்து சொல்ல வேண்டும். அளவு தேறினால்தான் மூட்டை கஷாயத்துக்குப் போகும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவன் வெங்கட்டை ஐடி கம்பெனி வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து குடும்பம் ஓடுவது இவள் சம்பளத்தில்.

அன்று வந்த மூட்டை அமோகமாகத் தேறிவிட்டது. சந்தோஷமாக டீ குடிக்கப் போனவளை, கஷாயம் காய்ச்சும் டில்லிபாபு மடக்கினான்.

"இன்னாக்கா, இத்தப் போயா பாஸ் பண்ணே? மூட்டை பூரா குச்சிதான் கீது!"

சௌம்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சத்து அதிகம் இருப்பது இலையில், குச்சியில் சொற்பம். மூட்டையில் உள்ளபடி இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டியதை, பழக்கதோஷத்தில் இலையை மட்டும் உருவி அரைத்துத் தொலைத்திருக்கிறாள்! ஓடிப்போய்க் குச்சியோடு அரைத்து மறுபடி அளந்தாள். பாதிகூடத் தேறவில்லை.

வேலை போனால் போகட்டும், காய்ச்சல்காரர்கள் குடிக்கிற மருந்தாயிற்றே என்று மேனேஜர் ரகுநாதன் முன்னால் போய் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மனுஷன் திட்டவில்லை. சிரித்தார்!

"இதுக்கா இப்படி நடுங்குறே? கொஞ்ச நாளா வர்ற சரக்கெல்லாம் ஃபெயிலாகி நானே தலையில கைவச்சு உக்காந்திருந்தேன். இனிமே இப்படியே இலையை மட்டும் எடுத்து அரைச்சிடும்மா. உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி இன்னைக்கே பேசிடறேன்."

"சார், அந்த மூட்டை..."

"கஷாயக் கொப்பரையில போட்டாச்சு. போய் வேலையைப் பாரு."

வெங்கட்டிடம் வேலை நிரந்தரமாகப் போகிறது என்பதை மட்டும் சொன்னாள். அவன் குமணன்சாவடி வரை போய் ஜாங்கிரி வாங்கி வந்தான். பாவம், அவளால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

மறுநாள் புது மூட்டை வந்தது. நிலவேம்பைத் தட்டில் கொட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நேற்று தெரியாமல் செய்தாள், சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. இன்றைக்கு யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை உருவ ஆரம்பித்தாள்.