நற்சாட்சிப் பக்கம்

"உடுப்புத் தோய்க்கிறவள் கவிதை எழுதினவளாமோ? ஆர் எழுதிக் குடுத்ததோ, ஆருக்குத் தெரியும்!" என்றார் அன்ரி. கடல் கடந்து வந்து, கிளேட்டனில் எங்கள் ஊர்ப்பக்கத்தவரான அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்கிறேன் என்று கேட்டுவிட்டு, குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே அப்படிச் சொன்னார்.

"இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, இங்கிலாந்திலை எழுதினவ அன்ரி."

"அங்கையும் இதைத்தான் கேட்டிருப்பினம், பிள்ளை."

கேட்டார்கள்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே சலவைக்காரிகளும் கதிரடிப்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் கவிதை எழுதினார்கள். அவர்களே எழுதினார்கள் என்று யாரும் இலேசில் நம்பவில்லை. சிலரைப் பெரிய வீடுகளுக்கு அழைத்து, ஒரு பொருளைக் கொடுத்து, கண்முன்னே எழுதச் சொன்னார்கள். புத்தகம் அச்சானால் முன்பக்கத்தில் ஒரு கனவானின் நற்சாட்சி இருக்கும்: இதை இவளே எழுதினாள், நான் அறிவேன். அதற்குப் பிறகுதான் அவளுடைய முதல் வரி.

என் அம்மாவும் ஊரில் பிறர் உடுப்புத் தோய்ப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அன்ரியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குசினிக்குள் என்னை முன்போல விடுவாரோ என்ற பயம்.

ஆய்வின் முதல் இயலைக் கொடுத்த சில நாட்களில் பேராசிரியர் என்னை அழைத்தார். மெதுவாகப் பேசும் மனிதர்.

"நன்றாக இருக்கிறது. இதற்கு முன் எழுதிப் பார்த்த தாள்களைக் கொண்டுவர முடியுமா?"

"அப்படி எதுவும் இல்லை, ஐயா. ஒருமுறைதான் எழுதினேன்."

"இப்படி ஒருமுறையில் யாரும் எழுதுவதில்லை."

நான் எழுதுகிறேன். சனி ஞாயிறுகளில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. சுடச்சுட வரும் விரிப்புகளை மடித்துக்கொண்டே ஒரு பந்தியை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிசிறு போகும்வரை சொல்வேன். தாளில் அது ஒரேயடியாக இறங்கும். சின்ன வயதில் அம்மாவோடு துணி அலசியபடி பாடம் பண்ணிய பழக்கம் அது. கை சும்மா இருந்தால் எனக்கு எதுவும் ஓடாது. ஆனால் இதை எப்படிப் பேராசிரியருக்குச் சொல்வது? சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார்.

"அடுத்த கிழமை வாருங்கள். நான் ஒரு கவிதை தருகிறேன். இங்கேயே இருந்து அதைப் பற்றி எழுதுங்கள்" என்றார்.

நான் அந்த இயலில் எழுதியிருந்ததே இந்தப் பரீட்சையைப் பற்றித்தான். வாசித்தவருக்கு அது உறைக்கவில்லையா? கேட்கத் துணிவு வரவில்லை. அவர் என்னை நம்பாவிட்டால் ஆய்வு நிற்கும். ஆய்வு நின்றால் புலமைப்பரிசில் நிற்கும், விசாவும் போகும். அந்தக் கிழமை ஏழு நாளும் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்தேன். "காய்ச்சலோ பிள்ளை?" என்று அன்ரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பேராசிரியரின் அறையில் கதிரையில் உட்கார்ந்து கவிதையைப் படித்தேன். விளங்கியது. ஆனால் பேனை நகரவில்லை. அவர் யன்னலருகே ஏதோ வாசிப்பதுபோல் இருந்தார். ஒரு சொல் எழுதுவேன், வெட்டுவேன். இவள் எழுதவில்லை என்று அவர் முடிவுகட்டப் போகிறார், என் கையாலேயே அதை நிரூபிக்கப் போகிறேன் என்று தோன்றியது.

மூலையில் ஒரு சிறு தொட்டி. அதற்குள் தேநீர்க் கறை படிந்த கோப்பைகள்.

"ஐயா, அவற்றைக் கழுவலாமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "வேண்டாம், வேண்டாம். அது உங்கள் வேலை அல்லவே."

"என் வேலைக்காகத்தான் கேட்கிறேன்."

குழாயைத் திறந்தேன். முதல் கோப்பையில் எதுவும் வரவில்லை. பிறகு மெல்ல ஒரு வாக்கியம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. எல்லாம் கழுவி முடிந்தும் போதவில்லை. கழுவியவற்றையே மறுபடி கழுவினேன். அவர் வாசிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நிமிராமல் எழுதினேன். எங்கும் ஒரு வெட்டு இல்லை.

நின்றபடியே வாசித்தார். "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். உண்மையாகவே சொன்னார்.

அத்தோடு பயம் போயிருக்க வேண்டும். ஆனால் ஆய்வேட்டைத் தட்டச்சுச் செய்து முடித்ததும், தன் கையொப்பமிட்ட ஒரு பக்கத்தை அவர் தந்தார். "இதை மதிப்பிடும் பரிசோதகர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. அவர்களும் சந்தேகப்படலாம். இதை முன்னால் வையுங்கள்." இந்த மாணவி தானே எழுதினார், என் கண்ணால் கண்டேன் என்று அதில் இருந்தது. அன்பாகத்தான் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் அந்தத் தாள் பைக்குள் கனத்தது. அது இருந்தால் நான் தப்பலாம். ஆனால் நான் ஆராய்ந்த சலவைக்காரிக்குப் போல, என் முதல் வரிக்கு முன்னால் இன்னொருவர் நிற்பார்.

ஆய்வேட்டைப் புத்தகமாகக் கட்டுவதற்குக் கொடுத்தபோது அதை வைக்கவில்லை. அந்த இடத்தில் வேறொரு பக்கம் வைத்தேன். ஆங்கிலத்தில் ஒரே வரி: உடுப்புத் தோய்க்கும் என் அம்மாவுக்கு.

பரிசோதகர்களின் பிரதிகளை நேற்றுக் கையளித்துவிட்டேன். என்ன சொல்வார்களோ தெரியாது. அன்ரி கொன்வென்ற் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். எனக்கென்று வைத்திருந்த பிரதியை, அந்த ஒரு வரிப் பக்கம் விரிந்திருக்க, அவருடைய குசினி மேசையில் வைத்துவிட்டுத்தான் இன்று காலை வேலைக்கு வந்தேன்.