தளவாய் வாங்கிய ப்ரீஆம்ப்

மாப்பிள்ளையூரணியில் தளவாயின் எலெக்ட்ரிகல் கடை எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அவசரம் என்றால் வேறு கடைக்குப் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஃபேன் ரெகுலேட்டர் வாங்கப் போன மனிதரை நிறுத்தி வைத்து, மைக்கில் வரும் சின்னஞ்சிறு ஒலியைத் தூக்கி எடுத்துக் கொடுக்கிற பெட்டிக்குப் பெயர்தான் ப்ரீஆம்ப், அதில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளது ஒரு ஜாதி, குழல் விளக்கு மாதிரி வால்வு எரிவது ஒரு ஜாதி, இரண்டும் இல்லாதது வெறும் தகர டப்பா என்று அவன் பாடம் நடத்துவான். அந்த மனிதர் வீட்டில் ஃபேன் ஓடாமல் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். தளவாய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அவன் அப்பா உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். சாகும்வரை யாரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை. அவர் பேசாமல் விட்டதையெல்லாம் மகன் சேர்த்துப் பேசினான் என்றுதான் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக் படிக்கும்போது கிதார் பழகினான். சுமாராக வாசிப்பான். ஆனால் அடுத்தவன் வாசித்ததில் குற்றம் கண்டுபிடிக்க அவனை அடிக்க ஆள் கிடையாது. நாசரேத்தில் சர்ச் கொயரில் பாடுகிற ஒருவர், பண்டிகைக்குத் தாங்களே பதிவு செய்த பாட்டை ஆசையாகக் கொண்டுவந்து போனில் போட்டுக் காட்டினார். முதல் வரி முடியுமுன் நிறுத்தி, இதைக் கிணற்றுக்குள் வைத்துப் பதிந்தீர்களா என்று கேட்டான். அந்த நல்ல மனிதர் சிரித்துக்கொண்டே போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பல்பு வாங்கக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு ராக் குழு இருந்தது. உவர் என்று பெயர். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஜெனோ டிரம்ஸ். சின்ன வயதில் மாதா கோயிலில் வாசித்துப் பழகிய கை. கூரியர் ஆபீஸ் லிங்கராஜ் பேஸ் கிதார். பாடுவது தளவாயின் தங்கை சந்தனச்செல்வி. பகலில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகளை அதட்டி அதட்டியே உரமேறிய குரல். துறைமுக ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைப் பற்றி அவளே எழுதிய பாட்டு ஒன்று. அதன் கடைசியில் குரலை மேலே மேலே கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்துவாள். ஜெனோ குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் குழுவில் கேட்கத் தகுந்தது அது ஒன்றுதான். தளவாயைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

ஆவணியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. திருநெல்வேலியில் பார்த்தார்கள். தைராய்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். பேச்சு வந்துவிடும், மேலே ஏறிப் பாடுவதற்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி, கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்துக் கொடுத்தார். அவள் அழவில்லை. குழுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அதற்குள் அந்தப் பாட்டைப் பதிந்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள்.

லிங்கராஜிடம் கம்ப்யூட்டரில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு மைக் செருகலாம். நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றான் அவன். தளவாய் அந்தப் பெட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான், பல்லி விழுந்த பாத்திரத்தைத் தூக்குவது மாதிரி.

"இந்தக் குப்பையிலயா எந் தங்கச்சி குரலப் போடச் சொல்லுத?" என்றான். "நல்லதா ஒண்ணு நான் பாத்து வாங்குதேன். அதுவரைக்கும் பொறு."

குழுவின் சேமிப்பு முப்பதாயிரத்துச் சொச்சம். அதற்குள் வாங்க வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராக் பாட்டு என்பது காது கிழிய அடிப்பதும் தொண்டை கிழியக் கத்துவதும். ப்ரீஆம்ப் தூக்கிக் கொடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கிசுகிசுப்பதைப் பதிகிறவன் கவலைப்பட வேண்டிய, பெட்டியே போடுகிற இரைச்சலைப் பற்றி, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறவனுக்கு எதற்குக் கவலை? கையில் காசு குறைவென்றால் உள்ள பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மைக் வாங்கலாம், டிரம்ஸுக்குப் புதுத் தோல் போடலாம். இதெல்லாம் தளவாய் இன்டர்நெட்டில் படித்த பக்கங்களிலேயே எழுதியிருந்தது. எழுதியவனை முட்டாள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான்.

புரட்டாசி முழுக்கத் தேடினான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது கனமான ஒலி தரும், ஆனால் இந்த விலைக்குக் கிடைப்பதில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மரே இல்லை என்றான். வால்வு வைத்தது சூடாக ஒலிக்கும், ஆனால் இந்த விலையில் வால்வு சும்மா அழகுக்கு எரிகிறது என்றான். இரண்டும் சரிதான். சரியானதைச் சொல்லிக்கொண்டே ஒரு மாதத்தைக் கரைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். நடுவில் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் குடும்பத்தோடு போனார்கள். லட்சம் பேர் அம்மனைப் பார்க்க, இவன் ஸ்பீக்கர்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு நின்றான். காளி வேஷம் கட்டிய ஒருவர் காணிக்கைத் தட்டை நீட்டியபோது, உங்கள் மைக் செட்டில் பேஸ் ஒலி சரியில்லை என்று அவரிடமே சொன்னான். சந்தனச்செல்வி வெட்கப்பட்டுப்போய்த் தட்டில் காசு போட்டாள்.

ஐப்பசியில் ஒருவழியாக முடிவுக்கு வந்தான். பெங்களூரில் இழுத்து மூடிய ஸ்டுடியோவிலிருந்து பழைய வெளிநாட்டுப் பெட்டி. கூரியரில் வந்தது. லிங்கராஜே கொண்டுவந்து கொடுத்தான். இனி என்ன, ஆரம்பிக்கலாம் என்றார்கள். இதற்கு ஏற்ற கேபிள் இல்லாமல் இதைத் தொடுவது பாவம் என்று சொல்லிக் கேபிளுக்கு ஆர்டர் போட்டான் தளவாய். கேபிள் வருகிறவரை பெட்டி, கடைக்குப் பின்னால் அவன் அமைத்திருந்த ரெக்கார்டிங் ரூமில் இருந்தது.

அந்த ரூமைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சுவரில் எதிரொலி வரக்கூடாது என்று, உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு நண்பனிடம் பழைய சணல் சாக்குகளை ஓசியில் வாங்கி, இரட்டை மடிப்பாகச் சுற்றிலும் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தான். அலசிப் போடுங்கள் என்று அம்மா சொன்னாள். அலசினால் கனம் குறைந்துவிடும், கனம்தான் ஒலியை விழுங்கும் என்று அம்மாவுக்கும் பாடம் நடத்தினான். இந்த ஊரில் மழைக்காலத்தில் உப்புச் சாக்கு என்ன செய்யும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு வேர்த்து வடியும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து, மின்சாரச் சாமான் விற்றுப் பிழைக்கிற ஒருவன், வெளிநாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் நாலு பக்கமும் உப்புக்கு நடுவில் வைத்தான். அடைமழையில் மாதம் முழுக்க வைத்தான். இவனா அடுத்தவன் பதிந்ததைக் கிணறு என்று சொன்னவன்!

கேபிள் வந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினார்கள். சந்தனச்செல்வி காலையிலிருந்து குளிர்ந்தது எதுவும் குடிக்காமல், யாரிடமும் அதிகம் பேசாமல், குரலைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தாள். மைக் முன்னால் நின்று முதல் வரியைப் பாடினாள். ஹெட்ஃபோனில் மொரமொரவென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. தளவாய் நிறுத்தினான். பெட்டியின் குமிழைத் திருகினான், கூடுதலாக நொறுங்கியது. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் பெட்டியில் செருகுகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கப்பலில் வந்த காலத்திலேயே கெட்டிருக்கும் என்றான். பெங்களூர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான். சாக்கைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான்.

மத்தியானம் ஆயிற்று. பெட்டியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜெனோ பொறுத்துப் பார்த்தான்.

"ஏலே தளவா, அந்தச் சின்னப் பெட்டிய மாட்டுவோம். பிள்ள காலையிலேர்ந்து காத்துக் கெடக்கு," என்றான்.

தளவாய் தலை நிமிரவில்லை. காலத்துக்கும் நிற்கப்போகிற ஒன்றைக் குப்பையில் போட்டு, பிறகு ஆயுள் முழுக்க வருத்தப்படச் சொல்கிறாயா என்று கேட்டான். மேளம் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் புரியாது என்றும் சொன்னான். ஜெனோ சந்தனச்செல்வியைப் பார்த்தான். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு தளவாய் மதுரைக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒருவர் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சரிசெய்வாராம். அவர் இரண்டு நாள் ஆகும் என்றார், மூன்று நாள் ஆயிற்று. லாட்ஜில் தங்கி, தினமும் அவர் தோள்மேல் எட்டிப்பார்த்து அவருக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம், சரிசெய்த பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தான். வாசலிலேயே, கண்ணாடி மாதிரி இருக்கிறது, இப்போதே பாடிவிடலாம் என்றான். தொண்டை அலுப்பாக இருக்கிறது, வேண்டாம் என்றாள் அவள். துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பயந்திருக்கிறாள் என்று இவன் நினைத்தான். கூடவே, இவ்வளவு அலைந்தவனுக்கு ஒரு மரியாதை இல்லையே என்றும் மனதுக்குள் குறைப்பட்டான். வெட்கம் கெட்டவன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. கட்டி கெட்ட கட்டியும் இல்லை. குரல் மட்டும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. காற்றும் கரகரப்புமாக நாலு வார்த்தை வரும், ஐந்தாவதில் உடையும். ஒரு வருஷம் வரை பார்க்கலாம், தேறினாலும் தேறும் என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பேச்சைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். தளவாய் அவளுக்கு ஆறுதல் சொன்னான். பெட்டி எங்கும் போய்விடாது, குரல் வந்ததும் பதிந்துகொள்ளலாம் என்றான்.

மார்கழி பிறந்து கடையைத் திறந்து உட்கார்ந்தவனிடம், எல்ஈடி பல்பு வாங்க வந்த ஆறுமுகத்தாய் அக்கா ஒரு சங்கதி சொன்னாள். எதிர்த்த வரிசையில் இட்லிக்கடை போட்டிருப்பவள்.

"ஒந் தங்கச்சி பாட்ட எம் மருமவன் போன்ல கேட்டேன் தம்பி. அந்தக் கடைசியில இழுக்கா பாரு, எனக்கு அழுகையே வந்துட்டு," என்றாள்.

எந்தப் பாட்டு என்று கேட்டான். லாரிப் பாட்டுதான், பத்து நாளாக ஊரெல்லாம் கேட்கிறதே என்றாள். விசாரித்துப் பார்த்தால், அவன் மதுரையில் இருந்தபோது ஜெனோ வீட்டு மாடியில் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். கூரியர் ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டிருக்கின்றன. அம்மாகூடக் கேட்டிருக்கிறாள். அவன் ஒருவனுக்குத்தான் யாரும் அனுப்பவில்லை.

கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினான். சந்தனச்செல்வி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்றவன் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்:

"எதுல பதிஞ்சீய?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். இதற்காகக் கொஞ்சம் செலவழிக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"இதத்தான் கேப்பன்னு தெரியும் அண்ணே. எப்படிப் பாடுனன்னு கேக்க மாட்ட," என்றாள். குரல் உடைந்தது. எச்சில் விழுங்கிக்கொண்டாள். "அதான் ஒன்னையக் கூப்பிடல."

வாயைத் திறந்தால் வாதம் பண்ணுகிறவன் அவன். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பான். அவளுக்குக் கோபம் இல்லை, அவனிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டு நாளாகிவிட்டது என்பது அந்த நாலு வார்த்தையில் அவனுக்கே புரிந்தது. கடைசியில், போடு, கேட்கிறேன் என்றான். அவனுக்கே கேட்காத சத்தத்தில் சொன்னான்.

அவள் போனில் பாட்டைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தாள். உடனே எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்பதில்லையாம். அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

டிரம்ஸ் தொடங்கியது, லிங்கராஜ் சேர்ந்துகொண்டான், அவள் வந்தாள். அவன் கிதார் இல்லை. இல்லாதது ஒரு குறையாகவும் இல்லை. கடைசி வரி நெருங்கியது. குரல் மேலே ஏறத் தொடங்கியதும் தளவாய் உள்ளறைக் கதவைப் பார்த்தான். போனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். அந்தக் குரல் கதவைத் தாண்டிப் போகாதபடி, தன் காதுக்கே எட்டாத அளவுக்குக் குறைத்துக்கொண்டு, அவள் மேலே நிறுத்திய அந்த இடத்தை அவன் சரியாகக் கேட்காமலே உட்கார்ந்திருந்தான்.