பால் வராத வருஷங்கள்

மலேசியாவில் லுக்குட் ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் அந்த ரப்பர் எஸ்டேட்டிலிருந்து கார் தொழிற்சாலை பஸ்ஸில் பன்னிரண்டு பெண்கள் ஏறுவார்கள். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து வாய் தனலெட்சுமிதான். பெட்ரோல் கார் பிரிவில் பத்தொன்பது வருஷம் ஒயர் கட்டியவள். சூப்பர்வைசரிடம் லீவு கேட்பதும் அவள், பஸ் தாமதமானால் சண்டைக்குப் போவதும் அவள். தன் பேச்சின் மேல் அவளுக்கே கொஞ்சம் மயக்கம் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் மின்சாரக் கார் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். மேனேஜர் எதையும் மறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு காரும் நட்டத்துக்குத்தான் விற்கிறது, பத்து வருஷம் பொறுத்தால் சந்தையே நம் கையில் என்றார். படம் போட்டுக் காட்டியும் பெண்கள் யாரும் அசையவில்லை.

"நட்டத்துக்கு எத்தன நாளு காரு செய்வாங்கக்கா?" என்று பஸ்ஸில் கேட்டாள் ரோகினி. கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தவள். புருஷன் விட்டுப் போய்விட்டான், கையில் இரண்டு பிள்ளைகள்.

தனலெட்சுமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரப்பர் கன்னு நட்டா ஆறு வருஷம் ஒரு சொட்டு பால் வராது. எங்கம்மா கையால நட்ட கன்னுடி, எனக்குத் தெரியாதா? பால் வரலன்னு தொர புடுங்கியா போட்டான்? உரம் போட்டுக் காத்திருந்தான்லா. கம்பெனியும் அப்படித்தான்."

மேனேஜரின் படத்தால் முடியாததை அந்தப் பேச்சு முடித்தது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுடைய பழைய இடங்களுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை புதுப் பிரிவை மூடிவிட்டார்கள். பத்து வருஷம் என்று சொன்ன மேனேஜர் எப்போதோ மாறிப் போயிருந்தார். இனி நட்டம் தாங்காது என்று மேலிடம் இரண்டே வருஷத்தில் கைகழுவியது. பதினொரு பேருக்கு வேலை இல்லை. அனுபவம் இருப்பதால் தனலெட்சுமிக்கு மட்டும் பழைய பிரிவில் ஓர் இடம் தந்தார்கள். அந்தக் காகிதத்தை வாங்கும்போது அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை பன்னிரண்டு பேரும் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். எஸ்டேட்டுக்கு முன்னால் இருக்கும் புதுத் தாமான் குடியிருப்பின் வீட்டு வரிசைகளைப் பஸ் தாண்டும்போது ரோகினி மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்கம்மா நட்ட கன்னுல பால் வந்துச்சாக்கா?"

தனலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தினமும் இருமுறை பார்க்கும் வீடுகள்தான்.

"வரல. நாலாவது வருஷமே நிலத்த வித்துட்டாங்க. புல்டோசர் விட்டு அத்தனையும் சாச்சாங்க. இந்தத் தாமான்தான் அந்தக் காடு."

"தெரிஞ்சேவா எங்கள கூட்டிட்டுப் போனீங்க?"

"தெரியும்டி. ஆனா அன்னிக்கு நெனப்புக்கே வரல."

அது சத்தியமான உண்மை. அதை வைத்துக்கொண்டு ரோகினி என்ன செய்வாள்? அவள் எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் வழக்கம்போல் வந்தது. தனலெட்சுமி ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் நல்லசாமி கதவைச் சாத்தாமல் லயத்து வீடுகள் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போலாம்ண்ணே," என்றாள். "வேற யாரும் வர மாட்டாங்க."