இந்த ஞாயிறு குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது?

சின்னக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போக இடம் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். வாரத்தில் ஒரே நாள் வேலை என்று பார்ப்பவர்கள் பொறாமைப்படுகிறார்கள், மற்ற நாளெல்லாம் எனக்கு அந்த ஒரு நாளைப் பற்றிய கவலை.

உங்கள் வீட்டிலும் விடிந்ததும் விடியாததுமாக உங்கள் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து "இன்னிக்கு எங்க போறோம்?" என்று கேட்கும் ஆள் ஒருவர் இருந்தால், நீங்களும் என் கட்சி. கல்யாணமாகி நான் கொல்கத்தா வந்து பல வருடம் ஆகிறது. டாக்குரியாவில் குடியிருக்கிறோம். மாடி வீட்டு சோமா தி, அதாவது சோமா அக்கா, என்னோடு ஒரே மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். பள்ளி மூடியதும் நாங்கள் இருவரும் சேர்ந்து இதை ஆரம்பித்தோம். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், கூடவே அப்பா அம்மா. எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள்.

பறவை பார்க்கப் போனோம்

முதல் ஏற்பாடே பிரமாதமாக இருக்க வேண்டும் என்று, ஒரு குளிர்காலக் காலையில் எல்லோரையும் ஏரிக்கரைக்கு வரச் சொன்னோம். பறவைகளைப் பற்றிச் சொல்ல ஒரு கல்லூரி மாணவியும் வந்திருந்தாள். அவள் மரத்தில் இருந்த மீன்கொத்தியைக் காட்டினாள். பெற்றோர் எல்லோரும் ஆவலாக அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தைகள் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துப் புல்வெளியில் தண்ணீர்க் குழாய் ஒன்று ஓட்டையாகி, விசிறி மாதிரி பீச்சிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர், குல்லா எல்லாம் நனைய அதில் குதித்தார்கள். போகலாம் என்றபோது அழுதார்கள்.

பவானிபூரிலிருந்து தன் மகள் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்த ஸ்ரீநிவாசன் சாருக்கு வங்கியில் அதிகாரி வேலை. எதிலும் ஒரு குறை கண்டுபிடித்தால்தான் அவருக்கு நிம்மதி. நிலாவின் தலையைத் துவட்டியபடியே என்னிடம் வந்தார். "மேடம், எங்க வீட்டு மொட்டை மாடியிலயும் ஒரு ஓட்டைக் குழாய் இருக்கு. இதுக்கா லேக் வரைக்கும் வந்தோம்?"

மொழிபெயர்ப்பாளர்

அடுத்தது பொம்மலாட்டம். பவானிபூரில் ஒரு சின்ன அரங்கு. கதை முழுக்க வங்காள மொழியில். தமிழ்க் குழந்தைகளுக்குப் புரியாதே என்று நான் முன்கூட்டியே கதைச் சுருக்கத்தைத் தமிழில் சொல்லத் தயாராக வந்திருந்தேன். குழந்தைகளுக்கு அது தேவைப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழித்தது பெரியவர்கள்தான். ஸ்ரீநிவாசன் சார் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் வங்காளத்தில் காய்கறி வாங்குவதைத் தாண்டிப் போனதில்லை. நரி என்ன சொன்னது, முதலை ஏன் அழுகிறது என்று ஐந்து வயது நிலாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் கொஞ்ச நேரம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

"அப்பா, நடுவுல கேக்காதே. முடிஞ்சப்புறம் மொத்தமா சொல்றேன்."

வாசலில்

அதே ஆட்டத்தில்தான் ஜானகியும் இருந்தாள். ஜாதவ்பூரில் வீடு. கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மகன் ஆதித்யாவுக்கு நான்கு வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. புலி வரும் காட்சியில் டோலக் அடித்தார்கள். ஆதித்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான். ஆட்டம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. ஜானகி அவனை வாரி எடுத்துக்கொண்டு, குனிந்த தலையோடு வெளியே போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். வாசல் படியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் அடங்கிவிட்டான். அழுதுகொண்டிருந்தது அவள்தான். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் பலூன் வெடிக்கும், மால் விளையாட்டிடத்துக்குப் போனால் பாட்டு அலறும், பூஜைப் பந்தல் பக்கம் போகவே முடியாது என்றாள். எங்கே போனாலும் பாதியில் திரும்புவதுதான் வழக்கமாம். இன்னொரு நல்ல இடம் பார்க்கலாம் என்று நான் ஏதோ சொன்னேன். அவள் கோபமே இல்லாமல் பதில் சொன்னாள்.

"எல்லாருக்கும் எங்க போகலாம்னு சொல்றீங்க அக்கா. எங்களுக்கு மட்டும் எங்க வரக்கூடாதுன்னு சொல்லிடுங்க, போதும். நாங்க வீட்டோட இருந்துக்கறோம்."

கேட்காமல் விட்ட கேள்வி

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. தெரிந்த இடங்களுக்கெல்லாம் தனியாகப் போய் நின்றேன். இதுவரை கண்ணால் பார்த்த இடங்களைக் காதால் பார்த்தேன். எங்கும் ஒரு ஒலிபெருக்கி, இல்லையென்றால் ஊதல் விற்பவர். அலுத்துப்போய் சோமா தியிடம் வந்து, ஒன்றும் தேறவில்லை என்றேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே, அவனுக்கு எது பிடிக்காது என்றுதான் இதுவரை பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். பிடித்தது எது?

உடனே ஜானகிக்கு போன் செய்து கேட்டேன். அவள் மெல்லச் சொன்னாள். "வாஷிங் மெஷின் சுத்தறதைப் பார்த்துண்டே நிப்பான் அக்கா, துணி முடியற வரைக்கும். இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லை."

திறக்காத பொருட்காட்சி

ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் அப்போது பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. மாலையானால் காது கிழியும். காலையில் யாரும் இருக்க மாட்டார்கள். சோமா தி போய்ப் பேசினார். கையால் சுற்றும் குட்டி ராட்டினத்துக்காரர் ஞாயிறு காலை எங்களுக்காக வருவதாக ஒப்புக்கொண்டார். பாட்டு கிடையாது, மணி கிடையாது. எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டோம். ஜானகி வருவாளா என்பது கடைசிவரை தெரியவில்லை. வந்தாள். நுழைவாயிலிலேயே, திரும்பிப் போக வசதியாக நின்றுகொண்டாள்.

ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. குழந்தைகள் மாறி மாறி ஏறினார்கள். ஆதித்யா அம்மாவின் கையை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்தான். வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். பெட்டிகள் மேலே போகும்போது குதிகாலை உயர்த்தினான், இறங்கும்போது தானும் இறங்கினான். ஜானகியும் நுழைவாயிலை விட்டு அவன் பின்னாலேயே வந்தாள்.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு மைக்செட்காரர் வந்து, மாலைக்குச் சரிபார்ப்பதற்காக "ஹலோ, ஹலோ" என்று அலறவிட்டார். ஆதித்யாவின் கைகள் காதுக்குப் போயின. முகம் கோணியது. நானும் சோமா தியும் பதறி எழுவதற்குள் ஒருவர் மைதானத்தின் குறுக்கே ஓடினார். ஸ்ரீநிவாசன் சார்! "தாதா! மைக் பந்த்! பேபி... காது... ப்ராப்ளம்!" என்று, அண்ணே மைக்கை நிறுத்துங்க என்பதைத் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் கத்தியபடி, தன் காதையும் எங்கள் பக்கமும் மாறி மாறிக் காட்டினார். மைக்செட்காரருக்கு என்ன புரிந்ததோ, இணைப்பைப் பிடுங்கிவிட்டார். ஆதித்யா கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது. ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த ஸ்ரீநிவாசன் சார், இவ்வளவு கஷ்டப்பட்டதற்காவது பையன் ஒரு சுற்று ஏறலாமே, சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிறானே என்று ஆதங்கப்பட்டார். எல்லோரும் ஜானகியைப் பார்த்தார்கள். இந்த முறை அவள் தலை குனியவில்லை.

"அவன் அப்பவே ஏறிட்டான் சார். கீழ நின்னபடியே சுத்திண்டிருக்கான்."

இப்போது மாதம் ஒரு ஞாயிறு சத்தமில்லாத ஞாயிறு. ஆதித்யா சில மாதம் கடைசிவரை இருக்கிறான், சில மாதம் பாதியில் கிளம்பிவிடுகிறான். கிளம்பும்போது ஜானகி எல்லோருக்கும் கையாட்டிவிட்டுப் போகிறாள்.

குழந்தைக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கச் சொல்வதும் பெரியவர்கள்தான், பிடித்ததைச் செய்யவிட்டால் "இவ்வளவுதானா?" என்று கேட்பதும் பெரியவர்கள்தான் என்பதால், என் தொழில் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நன்றாகவே ஓடும்.