நூதனசாலையில் வாய் திறந்த மனிதர்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு ஆப் மேல் பொறாமை வந்தது.

போனுக்குள் இருக்கிற ஆப்தான். ஆள் இல்லை, முகம் இல்லை, புதுச் சேலை இல்லை. அதன்மேல் பொறாமைப்பட இந்த மனுஷிக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு என் பக்கம் நில்லுங்கள்.

நான் மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிற ஒரு சின்ன நூதனசாலைக்குக் கூட்டிப் போவதும் என் பொறுப்பு. பொறுப்பு என்பது பேச்சுக்கு. உண்மையில் அது என் திருவிழா. வருடம் முழுக்க என் பாடத்தில் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், அன்றைக்கு மட்டும் என்னை நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பல்லக்குக்கு முன்னால் ஒரு கதை. பீரங்கிக் குண்டுக்கு முன்னால் ஒரு கதை. கடைசியில் பெட்டகம் — பழைய காலத்துப் பெரிய மரப்பெட்டி, கீழே உருட்டச் சில்லுப் பூட்டியது, மேலே ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். அதற்கு முன்னால் நான் கதைக்கத் தொடங்கினால், திரும்பும் வழியில் ஐஸ்கிறீம் இருக்கிறது என்ற நினைப்பே பிள்ளைகளுக்கு வராது.

இந்த வருடம் அதிபர் கூப்பிட்டார்.

"ரீச்சர், நூதனசாலைக்கு இப்ப ஒரு ஆப் வந்திருக்கு. கம்பஸ் பிள்ளையள் செய்தது. ஒவ்வொரு சாமானுக்குப் பக்கத்திலையும் கியூஆர் அட்டை வைச்சிருக்காம். போனைக் காட்டினால் அதுவே விளக்கம் சொல்லும். இனி நீங்கள் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை."

நல்ல மனிதர். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் என் தொண்டை கிழிகிறது என்று நான் யாரிடமாவது போய் முறையிட்டேனா?

போன் கொண்டுவரக் கூடாது என்ற பள்ளிக்கூடச் சட்டம் அன்று ஒரு நாளைக்குத் தளர்ந்தது. இரண்டு பேருக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு காது. எல்லாம் அம்மாமாரின் போன்கள். கியூஆர் காட்டினால்தான் பெற்றோல் என்றிருந்த வரிசைக் காலத்தில் அப்பாவுக்கே அதை எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் இவர்கள். சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது?

முதல் அறைக்குள் போனோம். "பிள்ளையள், இஞ்சை பாருங்கோ" என்று தொடங்கினேன்.

ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. பல்லக்கைச் சுற்றி நின்று தலையாட்டுகிறார்கள்... சிரிக்கிறார்கள்... ஒருத்தி "ஐயோ!" என்று கன்னத்தில் கை வைக்கிறாள். என் பாடத்தில் ஒருநாளும் கன்னத்தில் கை வைக்காதவள்! இல்லை, வைத்திருக்கிறாள். நித்திரை கொள்வதற்கு.

நான் சும்மா நிற்பதைப் பார்த்து அபிநயா என்ற மாணவிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். தன் காதில் இருந்த இயர்போனைக் கழற்றி நீட்டினாள்.

"ரீச்சர், இந்த அங்கிளைக் கேளுங்கோவன். என்ன வடிவாக் கதைக்கிறார்!"

வாங்கிக் காதில் வைத்தேன்.

"பயப்பிடாமல் கிட்ட வாங்கோ பிள்ளையள்... ஒரு அவசரமும் இல்லை... ஆறுதலாப் பாருங்கோ..."

இயர்போனை இன்னும் அழுத்திப் பிடித்தேன். அந்த அங்கிளை எனக்குத் தெரியும். அவருக்கு நான்தான் அன்று காலை புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். அது என் கணவர்!

என் கணவர் ஜெயசீலனைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் அவருடைய அகராதியில் மூன்று சொல். ஓம். இல்லை. ம். இதில் முதல் இரண்டும் விருந்தாளிகளுக்கு. எனக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கும்போது மட்டும் அவருடைய முழுக் குரலும் வெளியே வரும். என்ன குரல்! அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் இவரைக் கட்டச் சம்மதித்தேன். வாசிப்பதற்கு யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் குரல் வரும் என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். அவருடைய தங்கையின் மகள் கம்பசில் கணினி படிக்கிறாள். அவளுக்கு ஏதோ உதவி என்றார். என்ன உதவி என்று கேட்டேன். "ம்" என்றார்.

அந்த 'ம்'தான் இது!

இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் அழுதிருப்பேன்.

நீங்களே சொல்லுங்கள். வருடத்தில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு நாள். அதைப் பறித்தது யாரோ என்றால்கூட மனம் ஆறிவிடும். பறித்தவர் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்காருகிற மனிதர்! "ஆறுதலாப் பாருங்கோ" என்று எனக்கு எப்போதாவது சொன்னதுண்டா? பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று நான் செருப்புத் தேடி ஓடும்போது, செருப்பு இருக்கிற திசையைக் கையால் காட்டுவார். அவ்வளவுதான். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குத் தேனாக ஒழுகுகிறார். கொக்குவிலில் ஒரே வீட்டில் இருக்கிற பெண்சாதிக்கு 'ம்'. அவர் மேல் பிள்ளைகளுக்காகப் பொறாமைப்படுவதா, பிள்ளைகள் மேல் அவருக்காகப் பொறாமைப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே பட்டேன்.

இரண்டாம் அறைக்குள் நுழைந்ததும் ஒரு அதிசயம். ஆப் வாயை மூடிக்கொண்டது.

"ரீச்சர், இது வேலை செய்யுதில்லை."

"என்ரை போனிலையும் எடுக்குதில்லை ரீச்சர்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். கியூஆர் அட்டையின் நாலு மூலையிலும் சந்தனம். சந்தனத்துக்கு மேலே குங்குமம். எல்லாப் பொட்டும் ஒரே அளவு, கைதேர்ந்த வேலை. அடுத்த அட்டையைப் பார்த்தேன். அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். அந்த அறை முழுக்க அப்படித்தான்.

நூதனசாலையைக் கவனித்துக்கொள்ளும் யோகம் அக்கா அவசரமாக வந்தார்.

"இந்த அறை அட்டையள் மட்டும் பிந்தி, வாணி விழா அண்டைக்குத்தான் வந்து இறங்கினது ரீச்சர். புதுச் சாமான் எல்லோ? புத்தகங்களோடை சேர்த்துப் பூசையிலை வைச்சனான். பொட்டு வைக்க எண்டே மூண்டு மூலையிலையும் பெட்டி கீறி விட்டிருந்தினம். நாலாவது மூலையை மறந்துபோட்டினம் போலை... அதுக்கும் நானே வைச்சு விட்டன்."

சிரிக்காதீர்கள். புது உடுப்பு என்றாலும், கலியாணக் கார்ட் என்றாலும், மூலைக்கு மூலை மஞ்சளோ சந்தனமோ தொட்டு வைக்காமல் எங்கள் ஊரில் எது தொடங்கியிருக்கிறது? நான் மிஷன் பள்ளிக்கூடக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் எனக்கு வரும் கலியாணக் கார்டின் மூலையில் மஞ்சள் இல்லாவிட்டால், என்னமோ குறைகிறதே என்று திருப்பிப் பார்ப்பேன். அட்டையைப் போன் கண்டுபிடிப்பதே அந்த மூன்று பெட்டியையும் பார்த்துத்தான் என்று யோகம் அக்காவுக்கு யார் சொன்னார்கள்? கம்பசிலிருந்து அட்டை வந்தது. விளக்கம் வரவில்லை.

"ஈரத்துணி கொண்டுவந்து துடைச்சுவிடட்டோ ரீச்சர்?"

"ஐயோ, வேண்டாம் அக்கா! சாமிப் பொட்டெல்லோ? பூசையிலை வைச்சதை அப்பிடிச் சட்டெண்டு அழிக்கக் கூடாது."

சொன்னது நான்தான். ஒரு ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். அன்றைக்கு எனக்கு வந்த பக்தியைப் பார்த்து யோகம் அக்காவே கொஞ்சம் பின்வாங்கினார்.

அறை இப்போது என்னுடையது. "போனை உள்ளுக்கு வையுங்கோ. கையைப் பின்னுக்குக் கட்டுங்கோ. இனிக் கண்ணாலை தொடுங்கோ பாப்பம்" என்றேன். இது நான் வருடா வருடம் சொல்கிற தொடக்கம். பெட்டகத்துக்கு முன்னால் போய் நின்றேன். எந்த மரம், எத்தனை தலைமுறை, எந்தச் சீதனத்தோடு எந்த வீட்டுக்குப் போயிருக்கும்... குரல் தானாக ஏறியது. பிள்ளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பார்த்தாயா, என்ன இருந்தாலும் நேரில் கேட்பது போல வருமா என்று மனம் குளிர்ந்தது.

அப்போதுதான் அபிநயா கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், நீங்கள் அப்பிடியே ஆப் மாதிரிக் கதைக்கிறியள்!"

பாராட்டுகிறாளாம்.

"'கண்ணாலை தொடுங்கோ' எண்டு அந்த அங்கிளும் பல்லக்கடியிலை சொன்னவர். நீங்களும் ஆப்பைக் கேட்டுத்தான் பாடமாக்கினனீங்களோ?"

பாடமாக்கியதா? நானா? அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பிருந்து நான் சொல்லி வருகிற வசனம் அது! எனக்கு வந்த கோபத்தில் பக்தி பறந்துபோனது.

"அக்கா, அந்த ஈரத்துணியைக் கொண்டுவாங்கோ!"

பெட்டகத்துக்கு உரிய அட்டையை நானே துடைத்தேன். அபிநயாவின் போனை வாங்கிக் காட்டினேன். பீப் என்றது. காதில் வைத்துக் கேட்டேன். இந்த முறை முழுக்கக் கேட்டேன்.

"பெட்டகம் மருமகள் கொண்டுவந்தது. சாவி மாமியாற்றை இடுப்பிலை. அப்ப பெட்டகம் ஆற்றை, பிள்ளையள்? யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ..."

துணியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் கேட்டேன்.

இந்த வசனத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, பிள்ளைகள் போய் அப்பம்மாவிடம் ஒப்புவித்துவிடுவார்கள். இதை நான் ஒரே ஒரு இடத்தில்தான் சொன்னேன். மாமி, அதாவது அவருடைய அம்மா, எங்களோடு இருந்த காலத்தில், என் சீதனப் பெட்டகத்தின் சாவி எனக்கு வராத கோபத்தில், எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து அவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பீங்கானைப் பார்த்தபடி "ம்" என்றார்.

அதற்குப் பிறகு வருவதும் என்னுடையது. மற்ற அட்டைகளையும் துடைத்துத் துடைத்துக் கேட்டேன். பீரங்கிக் குண்டுக்குச் சொன்னதும் என்னுடையது. நூதனசாலைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் நான் கொட்டித் தீர்த்ததெல்லாம் வரிசையாக வருகிறது. அவ்வளவு நாளும் நான் சுவரோடு கதைக்கிறேன் என்று நினைத்திருந்தேன்... சுவர் ஒரு சொல்லைக் கீழே விடவில்லை.

நெஞ்சு நிறைந்ததா? நிறைந்தது. பொறாமை போனதா? அது எப்படிப் போகும்! அட்டை துடைத்தாயிற்று என்றதும் பிள்ளைகளும் போனை எடுத்துக் கேட்டு, மாமியார் சாவிக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வசனம், என் கோபம், என் பெட்டகம். சிரிப்பு மட்டும் அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அந்தப் பெட்டகத்துக் கதை ஆற்றை?"

"உம்மடை."

"பல்லக்கு?"

"உம்மடை."

"அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"வாசிச்சனான்."

"இவ்வளவையும் கேட்டு வைச்சிருந்திருக்கிறியள். நல்லாயிருக்கெண்டு எனக்கு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமெல்லோ? ஏன் சொல்லேல்லை?"

அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, இந்த வீட்டில் நான் அண்மையில் கேட்ட மிக நீளமான வசனத்தைச் சொன்னார்.

"நீர் கதைக்கேக்கை நான் எங்கையப்பா இடையிலை நுழையிறது?"

வாசகர்களே, கேட்கிறவர்கள் எல்லாம் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கேட்பதில்லை. தலையாட்டுகிறவர்கள் எல்லாம் கேட்பதும் இல்லை. பல வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஆனால் ஏமாந்தது போதும். இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது சொல்ல, அவர் "ம்" என்றால், உடனே கேட்டுவிடுகிறேன்: "இது எந்த நூதனசாலைக்கு?"