விருத்தாம்பாள் நாக்கில் நின்றவர்கள்

மணப்பட்டில் விருத்தாம்பாள் குடியிருந்த இடத்தில் இப்போது அமாவாசைக்கு அமாவாசை கற்பூரம் கொளுத்துகிறார்கள். செங்கல் நட்டு மஞ்சளும் பூசியாயிற்று. இன்னும் கொஞ்ச காலம் போனால் அம்மன் என்று பெயர் வைத்துக் கூழ் ஊற்றவும் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் அவள் யார் என்று ஒருவனாவது எழுதி வைக்க வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் செத்து நாலைந்து வருஷமாகியும் பிடிக்கவில்லை. நடுநிலைமை வேண்டுகிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

குருவிநத்தத்தில் பிறந்து மணப்பட்டு செல்லப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. 1925 வாக்கில் வாந்திபேதி வந்து செல்லப்பன் போய்ச் சேர்ந்தான். கருமாதி முடிந்த கையோடு அவன் தம்பி சாமிக்கண்ணு, அண்ணனுடைய கரும்புக் கொல்லையைத் தன் கொல்லையோடு சேர்த்து வரப்பை மாற்றிப் போட்டுக்கொண்டான். பாகூர் மேரிக்கு, அதாவது கொம்யூன் ஆபீசுக்குப் போய் பிரெஞ்சுக்கார அதிகாரிகளிடம் முறையிட அவளுக்கு ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. ஒருநாள் உச்சிப்பொழுதில் அந்த வரப்பிலேயே விழுந்து புரண்டாள். எழுந்தபோது ஆண்குரலில் பேசினாள்.

"டே சாமிக்கண்ணு, நான் எங்கயும் போவல. இங்கதான்டா கீறேன்."

சாமிக்கண்ணு விழுந்தடித்து ஓடினான். மறுநாளே வரப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த ஒரு பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் நிலையில் நான் இருந்திருந்தாலும் புரண்டிருப்பேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவள் நிறுத்தவில்லை. செல்லப்பனுக்குத் துணையாக அடுத்த தெருச் செத்தவர்களும் அவள் நாக்குக்கு வர ஆரம்பித்தார்கள். அமாவாசை நடுப்பகலில், ஈரப்புடவையோடு மாட்டுக்கொட்டகையில் உட்காருவாள். மஞ்சள் தண்ணீர் ஒரு வாய் குடிப்பாள். பிறகு பெரிதாகக் கொட்டாவி விடுவாள். கொட்டாவியோடு ஆவியும் வந்துவிடும் என்பது அவள் ஏற்பாடு. அதற்குப் பிறகு அவள் பேசுவதெல்லாம் செத்தவர் பேசுவதுதான். வில்லியனூர், அரியாங்குப்பம், மதகடிப்பட்டு என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள்.

வந்தவர்கள் ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை. அவள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. எந்த மருமகள் கடைசி நேரத்தில் தண்ணீர் தரவில்லை, எந்த மகன் மருந்துக்குப் போகாமல் கள்ளுக்கடையில் இருந்தான் என்பதுவரை சொன்னாள். சைகோனில் வேலைக்குப் போய் அங்கேயே செத்தவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தால் மட்டும் கைவிரித்துவிடுவாள். கடல் தாண்டி வரவேண்டும், உப்புத்தண்ணீர் ஆவிக்கு ஆகாது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்பாள். அதையும் நம்பினார்கள்.

சைகோன் சாவுக்கு இங்கே பிணம் கிடையாது. பிணம் இல்லாத இடத்தில் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதும் கிடையாது. விருத்தாம்பாளின் பிழைப்பு முழுக்க அந்த ஒப்பாரியில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவானாலும் முதல் ஆளாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். அழ மாட்டாள். மற்றப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் பாட்டாகச் சொல்லி அழும்போது, இவள் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆறு மாசம் கழித்து அதே சங்கதியை அதே வீட்டுக்காரர்களிடம் திருப்பிக் கொடுப்பாள். துக்கத்தைத் திருடுகிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரியவந்தது என் தங்கை கலியம்மாளால்.

கலியம்மாளைப் பாகூரில் தணிகைவேலுக்குக் கொடுத்திருந்தோம். மாமியார் இல்லாத வீடு, சமையல்கட்டு முழுக்க இவள் பொறுப்பு. தணிகைவேலின் தம்பி பெண்டாட்டி வள்ளியம்மாள். ஓரகத்திகள் இருவருக்கும் பெரிய ஒட்டுதலும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. 1938 ஐப்பசி மழையில் கிணற்றின் சுற்றுக்கட்டு இளகியிருந்தது. தண்ணீர் சேந்தப் போன வள்ளியம்மாள் சரிந்து உள்ளே விழுந்துவிட்டாள். தூக்கி வெளியே போட்டபோது உயிர் இல்லை.

அவள் தாய் தையலம்மாளுக்கு மனசு ஆறவில்லை. ஒரே பெண். அடுத்த தை அமாவாசைக்கு விருத்தாம்பாளிடம் போனாள். கொட்டாவி வந்தது, வள்ளியம்மாளும் வந்தாள். வந்தவள், ஓரகத்தி தன்னைப் பட்டினி போட்டாள், பசி தாங்காமல் தானே கிணற்றில் குதித்தேன் என்று சொன்னாளாம்.

தையலம்மாள் நேரே பாகூர் வந்து தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். தணிகைவேல் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கலியம்மாளைக் கட்டின துணியோடு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாலு வயசுப் பையனைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டான். நான் போய்க் கெஞ்சினேன். அடுத்த அமாவாசைக்கு அவளை எதிரே உட்காரவை, செத்தவள் அவள் முகத்துக்கு நேரே இதையே சொன்னால் உன் தங்கைக்கு இந்த வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றான். சாட்சி சொல்ல உயிரோடு ஒருவர் இல்லாத வழக்கு அது. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

மாசி அமாவாசையன்று கொட்டகை நிறையக் கூட்டம். தணிகைவேல் ஒருபக்கம், தையலம்மாள் ஒருபக்கம். கலியம்மாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். விருத்தாம்பாள் கொட்டாவி விட்டு, இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"குதிரு நெறஞ்சிருக்க, கொல்லையெல்லாம் வெளஞ்சிருக்க, பசின்னு நான் அழுதேனே, பாவி அவ பாத்திருந்தா."

கலியம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். இந்த வார்த்தைகளை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். அதுவரை சாராம்சம் மட்டும்தான் அவள் காதுக்கு வந்திருந்தது.

"இது நான் அழுதது. வள்ளி சாவுல எம் புள்ளைக்கு அழுதது."

பெண்கள் பக்கம் அப்படியே அடங்கிவிட்டது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊரார் சாவில் உட்கார்ந்து தன் வீட்டுச் சாவை அழாத பெண் எங்கள் பக்கத்தில் கிடையாது. கலியம்மாளுக்கு மூத்தது ஒரு பெண்குழந்தை. பிறந்த சில மாசத்தில் இவளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. மாட்டுப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது அழுது அழுதே போயிற்று. கைக்குழந்தை சாவுக்கு யாரும் கூடி உட்கார்ந்து அழுவதில்லை, கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவோம்.

தையலம்மாள் அவளையே பார்த்தாள். "மீதியப் பாடு" என்றாள்.

அத்தனை ஆண்கள் நடுவில், பிணம் இல்லாத இடத்தில், பட்டப்பகலில் என் தங்கை பாடினாள். ஒருமுறை குரல் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

"குதிரு நெறஞ்சிருக்க, கொல்லையெல்லாம் வெளஞ்சிருக்க,
பசின்னு நீ அழுதியம்மா, பாவி நான் பாத்திருந்தேன்.
பல்லும் மொளைக்கலியே, பேருகூட வெக்கலியே,
பாலு வத்திப் போச்சுதம்மா, பாதியில போனியம்மா."

அந்த இரண்டாவது பாதியை விருத்தாம்பாள் எப்படி விட்டாளோ தெரியாது. வள்ளி சாவன்றும் வழக்கம்போல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்; பிணத்தைக் குளிப்பாட்டத் தூக்கியதும் மேளம் கொட்டினார்கள், அதில் காதில் விழாமல் போயிருக்கலாம். விழுந்தும் வேண்டாமென்று விட்டிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தையலம்மாள் எழுந்து புடவையை உதறினாள்.

"எம் பொண்ணுக்குப் பல்லு இருந்துச்சு" என்று விருத்தாம்பாளிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இனி அவள் கடை மூடியது என்று நான் நினைத்தேன். விருத்தாம்பாள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே! மறுபடி ஒரு கொட்டாவி விட்டாள். ரெண்டும் ஒண்ணா வந்து நின்னுதுங்க, சின்னது முந்திக்கிச்சு என்றாள். கூட்டம் மூச்சை இழுத்தது. கைக்குழந்தைகூட இவளிடம் வருகிறதே என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அடிக்கப் பாய்ந்தேன், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களும் அவளிடம் வர ஆரம்பித்தார்கள். ஜெர்மன்காரன் சண்டை முடிந்த வருஷம் அவள் சாகிறவரை கூட்டம் குறையவே இல்லை.

தணிகைவேல் அன்று சாயங்காலமே கலியம்மாளை வீட்டுக்கு அழைத்துப் போனான். பையன் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். அத்தோடு எல்லாம் சரியாயிற்று என்றிருந்தேன். பங்குனி அமாவாசை கழிந்து இரண்டு நாளில் ஒரு சேதி வந்தது. கலியம்மாள் மடியில் காணிக்கை அரிசி கட்டிக்கொண்டு மணப்பட்டுக்குப் போய் விருத்தாம்பாள் எதிரே உட்கார்ந்தாளாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாகூருக்குப் போனேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமில்லையா, உன் குடியைக் கெடுக்கப் பார்த்தவள் வாசலை எப்படி மிதித்தாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் முறத்தைக் கீழே இறக்கினாள்.

"பேச்சு வராத புள்ள உங்கிட்ட இன்னாடி பேசுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் சொல்லுச்சு. இப்ப பசிக்கலம்மான்னு."

"அவ பொய் சொல்றாடி."

"தெரியும்ணா. நீங்க யாரும் எனக்கு அதக்கூட சொல்லலியே" என்று சொல்லிவிட்டுக் கலியம்மாள் மறுபடி உளுந்தைப் புடைக்கத் தொடங்கினாள்.

விருத்தாம்பாள்மேல் எனக்கிருக்கும் ஆத்திரத்தில் பாதி அன்றைக்கு வந்ததுதான்.