சாணி கேஸ் வந்த வருஷம்

எங்கள் வீட்டுக்குச் சாணி கேஸ் வந்தபோது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வன்னியம்பட்டியில் எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அதை வைத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த சித்தப்பா, எல்லோரும் இப்படி விறகு வெட்டிக்கொண்டே போனால் மலை மொட்டையாகிவிடும், இனி நம் அடுப்புக்கு அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். தொழுவத்துக்குப் பின்னால் குழி வெட்டி, அதன்மேல் பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். எருமைச் சாணத்தைக் கரைத்து உள்ளே விட்டால் குழாய் வழியாக அடுப்படிக்கு கேஸ் வந்தது. சாணியில் வெந்த சோறு தனக்கு ஆகாது என்று தாத்தா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார். காலைக் காப்பி சீக்கிரமே வரத் தொடங்கியதும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அதுவரை விறகுக்குப் போய்க்கொண்டிருந்தவள் சித்தி. சனிக்கிழமைதோறும் தெருப் பெண்களோடு மலையடிவாரத்துக்குக் கிளம்பினால், மதியம்தான் தலைச்சுமையோடு திரும்புவாள். அவள் கழுத்துக்கு அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவாள். இனி அந்தப் பாடு இல்லை, கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தியோ சனிக்கிழமை காலையில் வாசல் தெளித்த வாளியோடு நின்று, கூட்டாளிகள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் அடுப்பு மக்கர் செய்ய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அணைந்துவிடும். வேறு வழியில்லாமல் மறுநாள் சித்தி விறகுக்குப் போவாள். அவள் வந்த கொஞ்ச நேரத்தில் அடுப்புக்குத் தானாகவே கேஸ் வந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் வந்து பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். தாங்களும் வைக்கலாமென்று இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. டிரம்மைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுவத்துக்குப் பின்னால் சித்தி கேஸ் குழாயின் வால்வைத் திருகி மூடுவதை நான் பார்த்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"சித்தப்பாட்ட சொல்லாத. நான் பேசிக்கிடுதேன்."

ராத்திரி சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பேச்செடுத்தாள்.

"எரும வெறும் வைக்கோலத் தின்னா சாணியில கேஸ் எப்படித் தம்பி பிடிக்கும்? பச்சப்புல்லு வேணும். வெறகுக்குப் போறவுகளோட அடிவாரத்துக்குப் போயி இவ வாராவாரம் அறுத்துட்டு வரட்டும்."

"நானே சைக்கிள்ல போயி அறுத்துட்டு வாரேன் மதினி."

"உங்களுக்குப் புல்லு தெரியாது" என்று அம்மா ரசத்தை ஊற்றினாள்.

கதவோரம் நின்ற சித்தி தலையை நிமிர்த்தவே இல்லை.

அதன்பிறகு அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. சூட்சுமமே பச்சைப்புல்லில்தான் இருக்கிறது என்று சித்தப்பா டீக்கடையில் விளக்கம் சொன்னார். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் சாணி கேஸ் வைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்களும் சனிக்கிழமை புல்லறுக்கக் கிளம்பினார்கள்.

ஒரு லீவு நாளில் அடம்பிடித்து நானும் கூடப் போனேன். போனதும் ஆளுக்கொரு சின்னக் கட்டுப் புல்லை அறுத்து ஓரமாக வைத்தார்கள். பிறகு ஓடைத் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ தன் மாமனார் குறட்டை விடுவதை நடித்துக் காட்ட, சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"செத்த நேரம் இரு ஏட்டி" என்றாள்.

எங்கள் கிணற்றுமேட்டிலேயே இதைவிட நல்ல புல் கிடக்கும்போது, இந்த ஒரு கட்டுக்காகவா இவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.